ஒளிவினையூக்கி கொண்டு தண்ணீரிலிருந்து அம்மோனியாவை நீக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதன்முதலில் இந்தச் சோதனையைச் செய்தபோது எனக்கு ஏக சந்தோஷம். அரை லிட்டர் தண்ணீர், ஒரு சிட்டிகை டைட்டானியம் டை ஆக்சைடு (ஒளி பட்டால் வினையை முடுக்கிவிடும் வெள்ளைப் பொடி, இதுதான் ஒளிவினையூக்கி), ஒரு புற ஊதா விளக்கு, மீன் தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்ப். மூன்று மணி நேரத்தில் அம்மோனியா ஏறத்தாழ பாதியாகிவிட்டது. மறுநாள் சும்மா ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று விளக்கை அணைத்துவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டினேன். இருட்டிலும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருந்தது. வேலையைச் செய்தது ஒளியும் இல்லை, வினையூக்கியும் இல்லை. ஏர் பம்ப்தான் அம்மோனியாவைத் தண்ணீரிலிருந்து கிளப்பி அறைக்குள் விட்டிருக்கிறது. ஜன்னல் திறந்திருந்ததால் மூக்குக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றுதான்: அம்மோனியா குறைந்ததா என்று கேட்காதே, உள்ளே இருந்த நைட்ரஜன் எங்கே போனது என்று கேள். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான் நகர்கிறது. எம்.எஸ்சி. அல்லது பொறியியல் பிராஜெக்ட்டுக்கு இதை எடுத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கழிவுநீர் நிலையத்தில் வேலை செய்பவர்களுக்கும் இறால் பண்ணைக்காரர்களுக்கும் கடைசிப் பகுதி பயன்படும்.

அம்மோனியா ஏன் தலைவலி

டெல்லிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். யமுனையில் அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராமை நெருங்கினாலே வசீராபாத், சந்திராவல் குடிநீர் நிலையங்களில் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருக்கிறது. காரணம் குளோரின். கிருமியைக் கொல்லப் போடும் குளோரினை அம்மோனியா முதலில் பிடித்துக்கொள்கிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை (அம்மோனியாவுக்குள் இருக்கும் நைட்ரஜனை மட்டும் எடை போட்ட கணக்கு) தீர்த்துக்கட்டவே கணக்குப்படி 7.6 கிராம் குளோரின் வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடுதலாகத்தான் ஆகும். இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் மொத்த அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். ஆற்றில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு அம்மோனியா நைட்ரஜன் 50 மில்லிகிராம் வரை போகலாம்.

நம் பக்கத்தில் இது தோல் பதனிடும் ஊர்களின் பிரச்சினை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டானரிகளில் தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்க அம்மோனியம் சல்ஃபேட்டோ அம்மோனியம் குளோரைடோ போடுவது வழக்கம். அது நேராகக் கழிவுநீருக்குத்தான் வரும்.

ஒளி என்ன செய்கிறது

1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். இந்தத் துறை அங்கிருந்துதான் கிளை விட்டது. ஒளி பட்டதும் துகளுக்குள் ஒரு எலக்ட்ரான் மேலே குதிக்கிறது. அது விட்டுப்போன காலியிடத்தைத் துளை என்கிறோம். மேலே போன எலக்ட்ரானைத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். துளை தண்ணீரிடமிருந்தோ ஹைட்ராக்சைடிடமிருந்தோ ஒரு எலக்ட்ரானைப் பறித்து ஹைட்ராக்சில் ராடிக்கலை, அதாவது சட்டென்று வினைபுரியும் ஒரு துணுக்கை, உண்டாக்கும். அம்மோனியாவைத் தாக்குவது பெரும்பாலும் இந்த ராடிக்கல்தான்.

தாக்கிய பிறகு இரண்டு பாதை பிரிகிறது. நைட்ரஜன் அணு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டே போனால் நைட்ரைட், அப்புறம் நைட்ரேட். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் நைட்ரஜன் வாயு. நமக்கு வேண்டியது இரண்டாவது. வெறும் டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடைச் சுருக்கி இப்படிச் சொல்கிறேன்) அதிகம் தருவது முதலாவது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 1 மில்லிகிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறினால் 4.43 மில்லிகிராம் நைட்ரேட். லிட்டருக்கு 10 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருந்த தண்ணீரில் அத்தனையும் நைட்ரேட் ஆனால் 44.3 மில்லிகிராம் நைட்ரேட் வரும். குடிநீரில் நைட்ரேட்டின் உச்ச வரம்பு 45. அதாவது அம்மோனியாவை நூறு சதவீதம் ஒழித்துவிட்டு, அடுத்த வரம்பின் விளிம்பில் போய் நிற்கிறோம். ஆய்வறிக்கையில் "98 சதவீத நீக்கம்" என்று பார்த்தால் அடுத்த பக்கத்தில் நைட்ரேட் அளவு இருக்கிறதா என்று நான் தேடுவது இதனால்தான்.

படி 1: வினையூக்கியைத் தேர்ந்தெடுங்கள்

பி25 என்ற டைட்டானியா பொடியில் தொடங்குங்கள். டெகுசா என்ற பெயரில் விற்று இப்போது எவோனிக் விற்பது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அனடேஸ், மிச்சம் ரூட்டைல்; இரண்டும் டைட்டானியாவின் படிக வடிவங்கள். ஒரு கிராமுக்கு 50 சதுர மீட்டர் அளவு பரப்பு. இதைவிடச் சிறந்தது இல்லை என்பதற்காக அல்ல, உலகம் முழுக்க ஒப்பீட்டுக்கு இதைத்தான் வைக்கிறார்கள் என்பதற்காக. பெயின்ட் கடையில் கிடைக்கும் வெள்ளை டைட்டானியாவை வாங்கிவிடாதீர்கள். வெயிலில் பெயின்ட் உரியக்கூடாது என்பதற்காகவே அதன் மேல் பூச்சுப் போட்டு ஒளிவினையை அடக்கி வைத்திருப்பார்கள்.

அனடேஸின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் மேலே குதிக்கத் தேவையான ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். 1240-ஐ இதால் வகுத்தால் 388 நானோமீட்டர். அதைவிட நீண்ட அலைநீளத்தை அனடேஸ் கண்டுகொள்ளாது. சூரிய ஒளியின் ஆற்றலில் புற ஊதா 4, 5 சதவீதம்தான். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்யும் கார்பன் நைட்ரைடு பக்கம் எல்லோரும் ஓடுகிறார்கள். யூரியாவையோ மெலமைனையோ மூடிய குரூசிபிளில் 550 டிகிரியில் சுட்டால் மஞ்சள் பொடியாகக் கிடைக்கும், இடைவெளி 2.7, நீல எல்.இ.டி. போதும், செலவும் கம்மி.

ஆனால் அம்மோனியா வேலைக்கு அதை முதலில் எடுக்காதீர்கள் என்பேன். அந்தப் பொருளே நைட்ரஜனால் ஆனது. ஹைட்ராக்சில் ராடிக்கல் அதையும் அரிக்கும், அப்போது அதிலிருந்தே நைட்ரேட் கழன்று தண்ணீருக்கு வரும். வந்த நைட்ரேட் அம்மோனியாவின் பிள்ளையா பொடியின் பிள்ளையா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? அம்மோனியா இல்லாத தண்ணீரில் அதே பொடியை அதே நேரம் ஒளியில் வைத்து ஒரு வெற்றுச் சோதனை ஓட்டினால்தான் பிரிக்க முடியும். நைட்ரஜன் ஏற்றிய டைட்டானியாவுக்கும் இதே எச்சரிக்கை. துத்தநாக ஆக்சைடு டைட்டானியாவுக்குச் சமமாக வேலை செய்யும், ஆனால் ஒளியில் தானே கரையும்.

படி 2: விளக்கு

365 நானோமீட்டர் எல்.இ.டி. வாங்குங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தில் வரும் கிருமிநாசினி விளக்கு 254 நானோமீட்டர். அதுவும் டைட்டானியாவைத் தூண்டும், ஆனால் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். 365-இலும் கண்ணாடி கட்டாயம். ஒளி மங்கலாகத் தெரிகிறதே என்று உற்றுப் பார்க்கத் தோன்றும், அங்கேதான் ஆபத்து. பாத்திரம் போரோசிலிகேட் கண்ணாடியாக இருக்கட்டும். பாலிகார்பனேட் தகடு புற ஊதாவைத் தின்றுவிடும். மூடிக்கு அதைப் போட்டு மேலிருந்து விளக்கு அடித்து ஒரு வாரம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

படி 3: தண்ணீரைத் தயார் செய்யுங்கள்

உலர்த்திய அம்மோனியம் குளோரைடு 3.819 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ள ஸ்டாக் (நீர்த்துப் பயன்படுத்தும் அடர் கரைசல்) கிடைக்கும். குளோரைடு வேண்டாம் என்றால் அம்மோனியம் சல்ஃபேட் 4.717 கிராம். நான் சல்ஃபேட்டைத்தான் எடுப்பேன். குளோரைடு வினையில் மூக்கை நுழைக்கும், அந்தக் கதை கடைசியில். ஸ்டாக்கில் 25 மில்லி எடுத்து 500 மில்லிக்கு நிரப்பினால் லிட்டருக்கு 50 மில்லிகிராம். மொத்தக் கையிருப்பு 25 மில்லிகிராம் நைட்ரஜன். இந்த 25-ஐ நோட்டின் முதல் வரியில் எழுதி வட்டம் போட்டு வையுங்கள். கடைசியில் இதற்குத்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

படி 4: பி.எச். — பாதி வெற்றி இங்கே

அவசரப்படாமல் படிக்க வேண்டிய இடம் இது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வேடத்தில் இருக்கும்: வெறும் அம்மோனியா, நேர்மின் ஏறிய அம்மோனியம் அயனி. 25 டிகிரியில் பி.எச். 9.25 என்றால் இரண்டும் சமபாதி. பி.எச். 7-இல் வெறும் அம்மோனியா அரை சதவீதத்துக்குச் சற்று மேல், 8-இல் 5, 9-இல் 36, 10-இல் 85 சதவீதம். ஹைட்ராக்சில் ராடிக்கல் அம்மோனியாவை வேகமாகத் தாக்கும். அம்மோனியத்தை ஏறெடுத்தும் பார்க்காது. ஆகவே நடுநிலைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் விளக்கடித்தாலும் பெரிய மாற்றம் இருக்காது.

அதற்காக பி.எச்.-ஐ 12-க்குத் தூக்கிவிடலாமா? கூடாது. பி.எச். ஏற ஏற அம்மோனியா காற்றில் பறப்பதும் கூடும். தவிர, டைட்டானியாவின் மேற்பரப்பு பி.எச். ஆறரைக்கு மேல் எதிர்மின் ஏறி அம்மோனியத்தை அருகில் இழுத்து வைக்கும். அம்மோனியமே இல்லாமல் போனால் அந்த உதவியும் போய்விடும். 9.5-க்கும் 10-க்கும் இடையில் நிறுத்துங்கள்.

நிறுத்தினால் மட்டும் போதாது, அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு அம்மோனியாவும் நைட்ரைட்டாகவோ நைட்ரேட்டாகவோ மாறும்போது ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே விடும். பி.எச். இறங்கும், இறங்கினால் அம்மோனியா அம்மோனியமாகும், வினை தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடி அப்புறம் படுத்துவிடும் சோதனைகளில், வினையூக்கி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் பி.எச். மீட்டரை உள்ளே விட்டுப் பாருங்கள்.

பி.எச்.-ஐப் பிடித்து வைக்கும் பஃபராகச் சோடா உப்பையோ சலவைச் சோடாவையோ போடாதீர்கள். கார்பனேட் நம் ராடிக்கலை வழியிலேயே தின்றுவிடும். வெங்காரம் போடுங்கள். ஆம், நாட்டு மருந்துக் கடையில் பொரித்துத் தரும் அதே வெங்காரம்தான், ஆனால் ஆய்வுக்கூடத் தரத்தில் வாங்குங்கள். 500 மில்லிக்கு 1.9 கிராம் போட்டால் பி.எச். 9.2 அருகில் நிற்கும். சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு 9.7-க்குக் கொண்டு வாருங்கள்.

படி 5: பாத்திரத்தை மூடுங்கள், பொறி வையுங்கள்

திறந்த பீக்கரில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. என் ஆரம்பச் சொதப்பல் அதனால்தான். மூன்று கழுத்துக் குடுவை இருந்தால் நல்லது. இல்லையென்றால் துளையிட்ட ரப்பர் அடைப்பான் போட்ட பாட்டில். ஒரு குழாய் வழியாகக் காற்று உள்ளே வரும், இன்னொரு குழாய் வழியாக வெளியே போகும். வெளியே போகும் காற்றை 100 மில்லி 0.05 மோலார் கந்தக அமிலத்துக்குள் குமிழியாக விடுங்கள். பறந்து போகும் அம்மோனியா அத்தனையும் அங்கே சிக்கும். சோதனை முடிந்ததும் அந்த அமிலத்திலும் அம்மோனியாவை அளக்க வேண்டும்.

காற்றே வேண்டாம் என்று விட்டுவிட முடியாதா என்றால், முடியாது. 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவே ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 1 மில்லிகிராம் நைட்ரஜன் நைட்ரேட் வரை போக 4.57 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். கரைந்திருப்பது 2 மில்லிகிராம் நைட்ரஜனுக்குக்கூடக் காணாது. நான் இப்போது காற்றைத் தண்ணீருக்குள் குமிழியாக விடுவதில்லை; தண்ணீரின் மேல்பரப்பை மெதுவாக உரசிப் போகும்படி விட்டு, மேக்னடிக் ஸ்டிரரை நன்றாகச் சுழல விடுகிறேன். அம்மோனியா பறப்பது வெகுவாகக் குறைகிறது.

படி 6: பொடியைப் போட்டு இருட்டில் வையுங்கள்

500 மில்லிக்கு அரை கிராம். தண்ணீரில் கலந்து அல்ட்ராசோனிக் தொட்டியில் பத்து நிமிடம் வைத்தால் கட்டி உடையும். அதிகம் போட்டால் அதிகம் வேலை என்று நினைக்க வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் முன்னால் நிற்கும் துகள் பின்னால் நிற்பதற்கு வெயில் மறைத்துவிடும். எடை போடும்போது முகமூடி அணியுங்கள். டைட்டானியா தூசியை மூச்சில் இழுப்பதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற சந்தேகப் பட்டியலில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

அப்புறம் விளக்குப் போடாமல் 30 நிமிடம் சுழல விடுங்கள். பொடியின் மேல் ஒட்ட வேண்டியது ஒட்டட்டும். இதன் முடிவில் எடுக்கும் மாதிரிதான் உங்கள் பூஜ்ஜிய நேரம். இதைத் தவிர்த்தால் ஒட்டிக்கொண்ட அம்மோனியாவையும் ஒளி அழித்ததாக எழுதிவிடுவீர்கள்.

படி 7: விளக்கைப் போடுங்கள், மாதிரி எடுங்கள்

15, 30, 60, 90, 120, 180 நிமிடங்களில் 5 மில்லி வீதம் எடுத்து உடனே 0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடிகட்டுங்கள். பொடி கலந்த மாதிரி நிறமானியில் பொய் சொல்லும். வெப்பநிலையைக் குளிர்நீர்த் தொட்டி வைத்து ஒரே அளவில் வையுங்கள். சூடேறினால் பறப்பதும் கூடும், அம்மோனியா-அம்மோனியம் விகிதமும் மாறும். எடுத்த மாதிரிகளின் அளவை மறக்க வேண்டாம். ஏழு மாதிரி 35 மில்லி. கடைசிக் கணக்கில் அதில் போன நைட்ரஜனையும் சேர்க்க வேண்டும்.

இதே ஓட்டத்தை இன்னும் மூன்று முறை செய்ய வேண்டும். பொடி உண்டு, காற்று உண்டு, ஒளி இல்லை: இது ஒன்று. ஒளி உண்டு, காற்று உண்டு, பொடி இல்லை: இது இரண்டு. பொடியும் ஒளியும் உண்டு, அம்மோனியா இல்லை: இது மூன்று. நேரம் இல்லை என்று கைடு அவசரப்படுத்தினாலும் முதலாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முக்கியமான ஓட்டத்தை மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

படி 8: மூன்றையும் அளக்க வேண்டும்

அம்மோனியாவுக்கு நீல நிறம் தரும் ஃபீனேட் முறை, 640 நானோமீட்டரில். ஃபீனால் வாசம் பிடிக்காதவர்கள் சாலிசிலேட் முறைக்குப் போகலாம். ஃபீனேட் முறை லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் வரைதான் நேர்கோட்டில் போகும். 50 மில்லிகிராம் மாதிரியை நூறு மடங்கு நீர்த்துப்போகச் செய்த பிறகுதான் கியூவெட்டில் ஊற்ற வேண்டும். இந்த நூறு மடங்கில் பிப்பெட் கை நடுங்கினால் முடிவும் நடுங்கும். ஸ்டாண்டர்டுகளையும் வெங்காரம் கலந்த தண்ணீரிலேயே தயாரியுங்கள். நெஸ்லர் முறை சுலபம், ஆனால் அதில் பாதரசம் இருக்கிறது. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் பிராஜெக்ட்டில் பாதரசத்தை சிங்க்கில் ஊற்றுவதைப் போல அபத்தம் வேறில்லை. வேறு வழியில்லாமல் செய்தால் கழிவைத் தனி பாட்டிலில் சேர்த்து வையுங்கள்.

நைட்ரைட்டுக்கு இளஞ்சிவப்பு நிறம் தரும் சல்ஃபனிலமைடு முறை, 543 நானோமீட்டர். நைட்ரேட்டுக்கு அயன் குரோமடோகிராஃப் இருந்தால் சொர்க்கம். இல்லாவிட்டால் புற ஊதாவில் 220 நானோமீட்டரில் அளந்து, 275-இல் வந்ததன் இரு மடங்கைக் கழிப்பார்கள். நைட்ரைட்டும் 220-இல் தலை காட்டும் என்பதால் மாதிரியை அமிலமாக்கிச் சல்ஃபாமிக் அமிலம் சேர்த்து நைட்ரைட்டை அழித்துவிட்டு அளக்க வேண்டும்.

அலகில் குழப்பம் வராத ஆளை நான் பார்த்ததில்லை. ஒருவர் நைட்ரேட் என்று எழுதுவார், இன்னொருவர் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் என்று எழுதுவார். இரண்டுக்கும் நாலரை மடங்கு வித்தியாசம். எல்லாவற்றையும் நைட்ரஜன் மில்லிகிராமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: நைட்ரேட்டை 4.43-ஆல், நைட்ரைட்டை 3.28-ஆல், அம்மோனியாவை 1.22-ஆல் வகுத்தால் சரி.

படி 9: கணக்கு முடிக்கலாம்

உதாரணத்துக்கு எண்களை வைத்துக் காட்டுகிறேன். தொடக்கம் 25 மில்லிகிராம் நைட்ரஜன். மூன்று மணி நேரம் கழித்துத் தண்ணீரில் (மாதிரிகளில் எடுத்ததையும் சேர்த்து) அம்மோனியாவாக 14, நைட்ரைட்டாக 2.5, நைட்ரேட்டாக 3.5, அமிலப் பொறியில் 2.5. கூட்டினால் 22.5. காணாமல் போனது 2.5.

மேலோட்டமாகப் பார்த்தால் 25 போய் 14 நிற்கிறது, 44 சதவீத நீக்கம் என்று எழுதிவிடலாம். ஆனால் 2.5 பறந்துதான் போயிருக்கிறது. ஒளி தொட்டது 8.5, அதாவது 34 சதவீதம். அந்த 8.5-இல் 6 நைட்ரைட்டும் நைட்ரேட்டும். நைட்ரஜன் வாயுவாகப் போயிருக்கக்கூடியது அதிகபட்சம் 2.5, அதாவது 29 சதவீதம். "அதிகபட்சம்" என்று ஏன் சொல்கிறேன் என்றால், காணாமல் போனதில் நைட்ரஸ் ஆக்சைடும் இருக்கலாம், உங்கள் பிப்பெட் பிழையும் இருக்கலாம். வாயு குரோமடோகிராஃபில் பார்க்காதவரை அது நைட்ரஜன் வாயு என்று அடித்துச் சொல்ல முடியாது.

வேகத்துக்கு, தொடக்கச் செறிவை அந்தந்த நேரத்துச் செறிவால் வகுத்து இயல் மடக்கை எடுத்து, நேரத்துக்கு எதிராக வரையுங்கள். கோடு நேராக வந்தால் அதன் சாய்வுதான் வேக மாறிலி. இருட்டுச் சோதனையின் சாய்வைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுங்கள். கோடு பாதியில் வளைந்தால் மறுபடியும் பி.எச்.-ஐப் பாருங்கள்.

படி 10: நைட்ரஜன் வாயு பக்கம் திருப்புவது

பிளாட்டினம். 2002-இல் தென்கொரியாவின் போஸ்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டைட்டானியாவின் மேல் பிளாட்டினத் துணுக்குகளை ஏற்றினால் அம்மோனியா நைட்ரஜன் வாயுவாக மாறுவது கூடும் என்று காட்டினார்கள். பிளாட்டினம் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து வைப்பதோடு, நைட்ரஜன் ஏந்திய இடைப்பொருட்களையும் பிடித்து வைக்கிறது. இரண்டு அருகருகே உட்கார்ந்தால் சேர்ந்துகொள்ள வாய்ப்பு.

செய்முறை பயமுறுத்துவது இல்லை. ஒரு கிராம் டைட்டானியாவுக்கு அரை சதவீத பிளாட்டினம் என்றால் 5 மில்லிகிராம். ஹெக்சாகுளோரோபிளாட்டினிக் அமிலத்தின் வழக்கமான ஈரப் படிகத்தில் பிளாட்டினம் 37.7 சதவீதம் என்பதால் 13 மில்லிகிராம் எடுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு மெத்தனால் கலந்த தண்ணீரில் பொடியோடு சேர்த்து, நைட்ரஜன் வாயு விட்டு ஆக்சிஜனை விரட்டி, புற ஊதாவில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெள்ளைப் பொடி சாம்பல் நிறமாகும். மெத்தனால் சுத்தமாகப் போகும்வரை கழுவி 100 டிகிரியில் உலர்த்துங்கள். மெத்தனால் மிச்சம் இருந்தால் அடுத்த சோதனையில் ராடிக்கலை அதுதான் குடிக்கும். பிளாட்டின உப்பை வெறுங்கையால் தொட வேண்டாம், ஒவ்வாமை கொடுக்கும்.

படி 11: பொடியை ஒட்டி வைப்பது

பொடியாக இருந்தால் பீக்கரில் சுகம், வெளியே நரகம். 20 நானோமீட்டர் துகளைத் தண்ணீரிலிருந்து திரும்பப் பிரிப்பது அம்மோனியாவைப் பிரிப்பதைவிடப் பெரிய வேலை. மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய கண்ணாடித் தகட்டை எத்தனாலில் கலக்கிய டைட்டானியாவில் முக்கி எடுத்து, உலர்த்தி, மீண்டும் முக்கி, மூன்று நான்கு தடவைக்குப் பிறகு மஃபிள் ஃபர்னஸில் 450 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். 600-ஐத் தாண்டினால் அனடேஸ் ரூட்டைலாக மாறத் தொடங்கும். விரலால் தேய்த்தால் வெள்ளை ஒட்டக்கூடாது. தகட்டில் வேகம் பொடியைவிடக் குறையும், மனம் தளர வேண்டாம்.

வெயிலில் வைப்பதானால் தகட்டைச் சாய்த்து, தண்ணீரை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாத படலமாக ஓட விடுங்கள். மதிய வெயிலில் சதுர மீட்டருக்கு 30 முதல் 50 வாட் வரை புற ஊதா கிடைக்கும். திறந்த தட்டில் மறுபடியும் பறக்கும் பிரச்சினை வரும். மேலே கண்ணாடி மூடி வேண்டும்.

உண்மையான தண்ணீர் என்ன சொல்லும்

சோதனைத் தண்ணீரில் அழகாக ஓடியது கிணற்று நீரிலோ கழிவுநீரிலோ படுத்துவிடும். பைகார்பனேட் ராடிக்கலைக் குடிக்கும். கரிமப் பொருள் அதற்கு முன்பே வரிசையில் நிற்கும். ராடிக்கலுக்கு அம்மோனியாவைவிட அதுதான் இனிப்பு. கடின நீரில் பி.எச்.-ஐ 9.7-க்கு உயர்த்தினால் சுண்ணாம்புப் படிவு தகட்டின் மேலேயே உட்காரும். ஆக வரிசை இப்படி வரும்: முதலில் கரிமக் கழிவை வழக்கமான உயிரியல் முறையில் குறைப்பது, அப்புறம் கலங்கலை வடிப்பது, கடினத்தன்மையை எடுப்பது, அதற்குப் பிறகுதான் பி.எச். உயர்த்தலும் ஒளியும். படிவு பிடித்த தகட்டை நீர்த்த அமிலத்தில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு மணி நேரம் வெயிலில் காயவைத்தால் பெரும்பாலும் உயிர் திரும்பும்.

குளோரைடு கதைக்கு வருகிறேன். உப்பு நிறைய உள்ள தண்ணீரில், டங்ஸ்டன் ஆக்சைடு போன்ற ஒளி மின்முனைக்குச் சிறிய மின்னழுத்தமும் கொடுத்தால் குளோரைடிலிருந்து வீரியமான குளோரின் பிறக்கும். அது அம்மோனியாவைக் குளோரமீன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாகும் பொருள்) வழியாக நைட்ரஜன் வாயுவுக்குத் தள்ளும். குடிநீர் நிலையத்தில் குளோரின் சிலிண்டர் செய்யும் அதே வேலை, சிலிண்டர் இல்லாமல். தோலைப் பதப்படுத்த உப்பு போடும் டானரிக் கழிவுநீருக்கும் கடல்நீர் இறால் குளத்துக்கும் இந்த வழி பொருந்தும் என்பது என் எண்ணம். குளோரேட் உண்டாகிறதா என்று கூடவே பார்க்க வேண்டும்.

எங்கே இதைச் செய்யக்கூடாது

மின்சாரக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ஒரு நைட்ரஜன் அணு அம்மோனியாவிலிருந்து வாயுவாக மாற மூன்று துளை வேண்டும். துளைக்கு ஓர் ஒளித்துகள் என்று வைத்தால் ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 0.214 மோல் ஒளித்துகள். 365 நானோமீட்டரில் அது 70 கிலோஜூல். விழும் ஒளியில் 1 சதவீதம்தான் பயன்படுகிறது, எல்.இ.டி. மின்சாரத்தில் பாதியைத்தான் ஒளியாக்குகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 4 யூனிட். ஒரு கிலோவுக்கு 3,900 யூனிட். பாக்டீரியாவை வைத்து காற்றடித்து அதே ஒரு கிலோவை நைட்ரேட்டாக்க மூன்று நான்கு யூனிட்டில் முடித்துவிடலாம்.

வசீராபாத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ள பத்து லட்சம் லிட்டருக்கு 2 கிலோ நைட்ரஜன், 7,800 யூனிட் மின்சாரம். குளோரின் என்றால் 15 கிலோ. நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் நிலையத்தில் விளக்கு மாட்டச் சொல்லி யாராவது திட்டம் கொண்டுவந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பாக்டீரியா நிலைத்து நிற்காத இடங்களில்தான் ஒளிக்கு வேலை: விட்டு விட்டு வரும் கழிவுநீர், உப்பும் நச்சும் ஏறிய நீர், குளிர் நாட்டுக் குளிர்காலம், இலவச வெயிலும் காலி இடமும் உள்ள சின்ன நிலையம். அங்கேயும் எல்.இ.டி.யைவிட வெயிலையே நம்புவேன். குறைந்த செறிவு அம்மோனியத்தை முதலில் கிளினோப்டிலோலைட் என்ற சியோலைட்டில் (அயனிகளைப் பிடித்து வைக்கும் ஒரு கனிமம்) பிடித்துச் சேர்த்து, பிறகு உப்புநீரில் கழுவி எடுத்த அடர்த்தியான கரைசலுக்கு மட்டும் ஒளி கொடுப்பது இன்னும் சிக்கனம்.

படி 12: வெளியே விடும் முன்

ஒளியிலிருந்து வரும் தண்ணீரின் பி.எச். இன்னும் 9-க்கு மேல் இருக்கும். நீர்த்த அமிலம் விட்டு 7.5 அருகில் கொண்டு வாருங்கள். வெங்காரம் போட்ட சோதனைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், போரான் இலையைக் கருக்கும். மீன் குளத்துக்குத் திரும்பப் போகும் தண்ணீர் என்றால் அம்மோனியாவைவிட முதலில் நைட்ரைட்டைப் பாருங்கள். நைட்ரைட் மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜன் ஏற்க விடாமல் செய்யும். அம்மோனியா கிட்டில் நிறம் வரவில்லை என்று மகிழ்ந்து தண்ணீரைத் திறந்துவிட்டு, மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தபடி நிற்பதற்கு இதுவே காரணமாகலாம். நைட்ரைட் இருந்தால் விளக்கை அணைக்காமல் இன்னும் ஒரு மணி நேரம் ஓட விட்டு, அது நைட்ரேட்டாகும்வரை பொறுத்திருங்கள். சேரும் நைட்ரேட்டை அல்லியோ ஆகாயத்தாமரையோ வளரும் ஒரு சின்னக் குட்டைக்குள் விட்டு எடுக்கலாம். ஆகாயத்தாமரையை வாராவாரம் அரித்து வெளியே போட ஆள் இருந்தால் மட்டும்.